உணவில் தீங்கு செய்யும் பாக்டீரியாவைக் கண்டறிவதும் எண்ணுவதும்: ஆய்வகத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஓர் உணவு மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு ஆய்வகம் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கிறது. குறிப்பிட்ட கிருமி இதில் இருக்கிறதா என்பது ஒன்று. இருந்தால் ஒரு கிராமுக்கு எத்தனை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கண்டறிதல் முறை விடை தரும். இரண்டாவதற்கு எண்ணுதல் முறை விடை தரும். சால்மோனெல்லா மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே நோயை உண்டாக்கக்கூடியது என்பதால், பெரும்பாலான உணவுகளில் அது 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று தரநிலைகள் கேட்கின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அப்படியல்ல. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் என்ற அளவுக்குப் பெருகிய பிறகே நோய்தரும் அளவுக்கு நச்சைச் சுரக்கிறது என்பதால் அதை எண்ண வேண்டும். எந்தக் கேள்வி என்பதை முடிவு செய்யாமல் வேலையைத் தொடங்கினால், மாதிரியின் எடை முதல் வெப்பநிலை வரை எல்லாமே தவறான திசையில் போகும்.

எந்த முறையைப் பின்பற்றினாலும் ஒன்றை மறக்கலாகாது. ஆய்வகத்தின் விடை உணவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அந்த முறையால் எதைப் பார்க்க முடிந்தது என்பதையும் சேர்த்தே பேசுகிறது. ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லை நம்பி ஒருவர் உணவை உண்ணப் போகிறார் என்பதால், அந்தச் சொல்லைத் தாங்கும் அளவுக்கு ஒவ்வொரு படியும் உறுதியாக இருக்க வேண்டும்.

மாதிரி எடுத்தல்

ஆய்வகத்தில் நடக்கும் பிழைகளைப் பெரும்பாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். மாதிரி எடுக்கும் இடத்தில் நடக்கும் பிழையைத் திருத்த வழியே இல்லை. பாக்டீரியா உணவில் சீராகப் பரவியிருப்பதில்லை, குறிப்பாக உலர்ந்த பொடிகளிலும் இறைச்சியிலும் அது திட்டுத்திட்டாகவே இருக்கும். ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஐந்து பொட்டலங்கள் மாசடைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஐந்து பொட்டலங்களை எடுத்துச் சோதித்தால், ஐந்துமே நல்லவையாக அமைந்துவிடும் வாய்ப்பு 0.95-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 77 விழுக்காடு. ஆய்வகம் ஒரு பிழையும் செய்யாமல் இருந்தாலும், நான்கில் மூன்று தடவைக்கு மேல் அந்தத் தொகுதி தேறிவிடும். ஏறத்தாழ அறுபது பொட்டலங்களை எடுத்தால்தான் அந்த வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும். இதனால்தான் உணவு நுண்ணுயிரியல் தரநிலைகள் எத்தனை அலகுகளை எடுக்க வேண்டும், அவற்றில் எத்தனை எல்லையைத் தாண்டலாம், எல்லை எது என்பவற்றை ஒன்றாகச் சேர்த்தே சொல்கின்றன. எண்ணிக்கை வரம்பை மட்டும் படித்துவிட்டு மாதிரித் திட்டத்தை விட்டுவிடுவது தரநிலையைப் பாதி படிப்பதற்குச் சமம்.

மாதிரியை நுண்ணுயிர் நீக்கிய கருவியால், நுண்ணுயிர் நீக்கிய பையில் அல்லது குப்பியில் எடுக்க வேண்டும். குளிர்பதன உணவை 1 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள்ளும், உறைந்த உணவை மைனஸ் 15 டிகிரிக்குக் கீழும் கொண்டுவர வேண்டும். குளிர்பதன உணவை உறைய வைத்துவிடக் கூடாது, ஏனெனில் உறைதலே பல உயிரணுக்களைக் கொன்று எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் இதில் மிகவும் மென்மையானது. குளிரிலும் உறைநிலையிலும் அதன் வளர்நிலை உயிரணுக்கள் விரைவாக இறக்கின்றன. நோய்ப்பரவல் விசாரணையில் அதைத் தேடுவதாக இருந்தால் மாதிரியைத் தாமதமின்றிச் சோதிப்பதே சரி. மாதிரி வந்து சேர்ந்த நேரம், வெப்பநிலை, பொட்டலத்தின் நிலை ஆகிய மூன்றையும் அதே நேரத்தில் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும்.

ஊடகமும் தயாரிப்பும்

பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டப் பொருள்களான வளர்ப்பு ஊடகங்களை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து நுண்ணுயிர் நீக்குவது பொது வழக்கம். ஆனால் எக்ஸ்.எல்.டி. அகார் (அகார் என்பது ஊடகத்தைக் கெட்டியாக்கும் கடற்பாசிக் களி) போன்ற சில ஊடகங்களை ஆட்டோகிளேவில் வைத்தால் கெட்டுவிடும். அவற்றைக் கொதிநிலை வரை சூடாக்கிக் கரைத்து உடனே குளிர்விக்க வேண்டும். தயாரிப்பாளரின் குறிப்பை ஒவ்வொரு புதிய புட்டிக்கும் திரும்பப் படிப்பது வீண்வேலை அல்ல.

புதிதாகத் தயாரித்த ஒவ்வொரு தொகுதி ஊடகத்தையும் பயன்படுத்தும் முன் சோதிக்க வேண்டும். வளர வேண்டிய கிருமி வளர்கிறதா, தடுக்கப்பட வேண்டியது தடுக்கப்படுகிறதா என்று அறிந்த நுண்ணுயிர் வகைகளை இட்டுப் பார்ப்பதே அந்தச் சோதனை. எண்ணுவதற்கான தெரிவு ஊடகம் (தேடும் கிருமியை வளரவிட்டு மற்றவற்றைத் தடுப்பது), ஒப்பீட்டு ஊடகத்தில் கிடைக்கும் காலனிகளில், அதாவது கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாத் திட்டுகளில், குறைந்தது பாதியையாவது தர வேண்டும் என்று சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 11133 கேட்கிறது, தெரிவற்ற ஊடகத்துக்கு அந்த விகிதம் 0.7. இந்தச் சோதனையைத் தவிர்த்த ஆய்வகத்தில், காலியாக இருக்கும் தட்டு நல்ல உணவைக் காட்டுகிறதா, கெட்ட ஊடகத்தைக் காட்டுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் நீர்மம்

எண்ணுவதற்கு 10 கிராம் அல்லது 25 கிராம் மாதிரியை நுண்ணுயிர் நீக்கிய பையில் நிறுத்து, அதைப் போல ஒன்பது மடங்கு நீர்த்தல் திரவத்தைச் சேர்க்க வேண்டும். 0.1 விழுக்காடு பெப்டோனும் 0.85 விழுக்காடு உப்பும் கலந்த கரைசல் பொதுவாகப் பயன்படுகிறது. வெறும் நீரை ஊற்றினால் பலவீனமான உயிரணுக்கள் ஊடுபரவல் அழுத்தத்தில் வெடித்து இறக்கும். பையை இருபுறமும் தட்டிக் கலக்கும் கருவியான ஸ்டொமாக்கரில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை கலக்கினால் பத்தில் ஒரு பங்கு நீர்மம் கிடைக்கும். வடிகட்டித் துணி உள்ள பையாக இருந்தால் பிப்பெட்டில் உணவுத் துணுக்கு அடைக்காது.

எல்லா உணவுக்கும் இதே திரவம் பொருந்தாது. கொழுப்பு மிகுந்த உணவுக்கு, கொழுப்பை நீரோடு கலக்கச் செய்யும் பரப்பு இழுவிசைக் குறைப்பான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அமிலத்தன்மை மிகுந்த உணவுக்கு பி.எச். அளவைச் சரிசெய்ய வேண்டும். கோகோவுக்கும் சாக்லேட்டுக்கும் கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்த திரவம் வேண்டும், ஏனெனில் கோகோவிலுள்ள பாலிபீனால்கள் பாக்டீரியாவைத் தடுக்கும்; பாலின் புரதம் அவற்றைப் பிணைத்துக்கொள்ளும். வெங்காயம், பூண்டு, இலவங்கம், பட்டை போன்றவையும் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைக் கொண்டவை; வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் பொட்டாசியம் சல்ஃபைட் சேர்ப்பார்கள், இலவங்கத்தையும் பட்டையையும் அதிக மடங்கு நீர்க்கச் செய்வார்கள். உலர்ந்த பொடியைத் திரவத்தில் திடீரென்று கொட்டிக் கலக்காமல், மேலே தூவி மெதுவாக ஊறவிட்டால் நீரிழந்து கிடக்கும் உயிரணுக்கள் உயிர்பிழைக்கும். இந்த ஒரு பத்தியைக் கவனிக்காததால் வரும் ‘கண்டறியப்படவில்லை’ முடிவுகள்தான் என்னை மிகவும் கவலைக்குள்ளாக்குகின்றன, ஏனெனில் மேசையின் மேல் எல்லாம் ஒழுங்காக நடந்தது போலவே தோன்றும்.

தொடர் நீர்த்தலும் தட்டும்

முதல் நீர்மத்திலிருந்து 1 மி.லி. எடுத்து 9 மி.லி. திரவம் உள்ள குழாயில் விட்டு நன்றாகக் கலக்கினால் நூற்றில் ஒரு பங்கு. அதிலிருந்து மீண்டும் 1 மி.லி. எடுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு படிக்கும் புதிய பிப்பெட் வேண்டும். பழைய பிப்பெட்டின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு துளி, அடுத்த நீர்த்தலைக் கெடுத்துவிடும். முதல் நீர்மம் தயாரானதிலிருந்து தட்டில் இடும் வரை 45 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழாயிலேயே பாக்டீரியா பெருகவோ இறக்கவோ தொடங்கும்.

ஊற்றுத் தட்டு முறையில் 1 மி.லி. நீர்மத்தைப் பெட்ரி தட்டில் விட்டு, அதன் மேல் 12 முதல் 15 மி.லி. உருகிய அகாரை ஊற்றி மெதுவாகச் சுழற்றிக் கலக்க வேண்டும். அகாரின் வெப்பம் 44 முதல் 47 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைவிடச் சூடாக ஊற்றினால் காயமுற்ற உயிரணுக்கள் அங்கேயே இறந்துபோகும்; குளிர்ந்துவிட்டால் கட்டி தட்டிவிடும். ஏறத்தாழ 85 டிகிரியில் உருகி, 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே உறையும் அகாரின் இந்த விந்தையான இயல்புதான் இந்த முறையையே சாத்தியமாக்கியது. 1880-களின் தொடக்கத்தில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டின், பாக்டீரியாவை வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியான இன்குபேட்டரில் உருகி வழிந்துகொண்டிருந்தபோது, சமையலறையில் தாம் பயன்படுத்திவந்த அகாரைப் பரிந்துரைத்தவர், அங்கு பணியாற்றிய வால்ட்டர் ஹெஸ்ஸவின் மனைவி ஃபானி ஹெஸ்ஸ. ஜூலியஸ் பெட்ரி தமது மூடியிட்ட தட்டை 1887-இல் வெளியிட்டார். அதன் பிறகு இந்த இரண்டையும் இடம்பெயர்க்கும் எதுவும் வரவில்லை.

பரப்புத் தட்டு முறையில், உறைந்த அகாரின் மேல் 0.1 மி.லி. நீர்மத்தை விட்டு வளைந்த கண்ணாடிக் கோலால் பரப்ப வேண்டும். சூடு படாது, காலனியின் நிறமும் விளிம்பும் தெளிவாகத் தெரியும். அதனால் தெரிவு ஊடகங்களில் இதையே பெரிதும் விரும்புவார்கள். கண்டறியும் எல்லை பத்து மடங்கு உயர்வது இதன் விலை.

மொத்தக் காற்றுவாழ் பாக்டீரியாவை எண்ணுவதாக இருந்தால் ஐ.எஸ்.ஓ. 4833-1 முறையில் தட்டுகளைத் தலைகீழாக 30 டிகிரியில் 72 மணி நேரம் வைக்க வேண்டும். இந்த எண் சுகாதாரத்தைப் பற்றிய பொதுவான அறிகுறியே அன்றி, நோய்க்கிருமியின் எண்ணிக்கை அல்ல.

காலனியை எண்ணிக் கணக்கிடுதல்

பொதுவாக 10 முதல் 300 காலனிகள் உள்ள தட்டுகளையே கணக்கில் எடுக்க வேண்டும். மிகுதியாக இருந்தால் காலனிகள் ஒன்றோடொன்று மோதி வளர்ச்சியைத் தடுக்கும். குறைவாக இருந்தால் தற்செயலின் பங்கு பெருகும். நன்றாகக் கலக்கிய திரவத்தில் எண்ணிக்கையின் சிதறல் அதன் வர்க்கமூலத்தை ஒட்டியிருக்கும். 200 காலனிகளில் அது ஏறத்தாழ 14, அதாவது 7 விழுக்காடு. 25 காலனிகளில் 5, அதாவது 20 விழுக்காடு. 4 காலனிகளில் 2, அதாவது பாதி. இது கைத்திறனின் குறை அல்ல, எண்ணுதலின் இயல்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரத்தில் ஒரு பங்குத் தட்டில் 168 காலனிகள், பத்தாயிரத்தில் ஒரு பங்குத் தட்டில் 14 காலனிகள். ஒவ்வொரு நீர்த்தலுக்கும் ஒரு தட்டு, 1 மி.லி. இடப்பட்டது. இரண்டையும் கூட்டினால் 182. முதல் தட்டின் பங்கை 1 என்று கொண்டால் இரண்டாவதன் பங்கு 0.1, ஆக 1.1. 182-ஐ 1.1-ஆல் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் 1,65,455. இரண்டு பொருளுள்ள இலக்கங்களுக்குச் சுருக்கி, ஒரு கிராமுக்கு 1.7 × 10⁵ காலனி உருவாக்கும் அலகுகள் என்று எழுத வேண்டும். 1,65,455 என்று முழுவதையும் எழுதினால் நம்மிடம் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டியதாகிவிடும். ‘பாக்டீரியா’ என்று எழுதாமல் ‘காலனி உருவாக்கும் அலகு’ என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஒட்டிக்கிடக்கும் இருபது உயிரணுக்களும் ஒரே காலனியாகத்தான் தெரியும்.

பத்தில் ஒரு பங்கு நீர்மத்தின் 1 மி.லி. இட்ட தட்டில் ஒரு காலனியும் இல்லையென்றால், முடிவு ‘ஒரு கிராமுக்கு 10-க்குக் குறைவு’. பூச்சியம் என்று எழுதவே கூடாது.

குறிப்பிட்ட கிருமிகளை எண்ணுதல்

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு பேர்ட்–பார்க்கர் அகார். தட்டுகளை 37 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்தில் ஒருமுறையும் 48 மணி நேரத்தில் மறுமுறையும் பார்க்க வேண்டும். டெல்லுரைட் உப்பைச் சிதைப்பதால் காலனி கருமையாகப் பளபளக்கும். முட்டை மஞ்சள் கருவைச் செரிப்பதால் அதைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். இந்தத் தோற்றம் ஐயத்தைத்தான் எழுப்புகிறது. உறுதிசெய்வது, இரத்தப் பிளாஸ்மாவைக் கட்டியாக்கும் நொதியைத் தேடும் கோயாகுலேஸ் சோதனை. காலனியை மூளை–இதய ஊட்டக் குழம்பு என்ற திரவ ஊடகத்தில் வளர்த்து, அதில் 0.1 மி.லி.யை 0.3 மி.லி. முயல் இரத்தப் பிளாஸ்மாவில் விட்டு 37 டிகிரியில் வைக்க வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் குழாயை மெல்லச் சாய்த்துப் பார்த்தால், திரவத்தில் பாதிக்கு மேல் கட்டியாகி அசையாமல் நிற்கும். குழாயைக் குலுக்கிப் பார்க்கக் கூடாது, இளங்கட்டி உடைந்துவிடும். ஐந்து காலனிகளைச் சோதித்து நான்கு உறுதியானால், தட்டில் எண்ணிய 60-ஐ ஐந்தில் நான்காகக் குறைத்து 48 என்று கணக்கில் எடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சமைத்த உணவில் ஸ்டஃபைலோகாக்கஸ் இறந்திருக்கலாம். அது முன்னரே சுரந்த நச்சு சமையல் சூட்டைத் தாங்கி நிற்கும். உணவு நச்சுப் பாதிப்பு நேர்ந்த இடத்தில் காலனி எண்ணிக்கை குறைவாக வந்தாலும், நச்சைத் தனியே எதிர்ப்புரத (ஆன்டிபாடி) முறையில் தேடாமல் அந்த உணவை விடுவிக்கக் கூடாது. பாசில்லஸ் சீரியஸ் சுரக்கும் வாந்தி நச்சுக்கும் இது பொருந்தும். அந்தப் பாக்டீரியாவை எண்ண எம்.ஒய்.பி. அகாரில் 30 டிகிரியில் வளர்க்க வேண்டும். மானிட்டாலை அது நொதிக்கச் செய்யாததால் ஊடகம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். காலனியைச் சுற்றி முட்டைக் கருவின் வெண்படிவு தெரியும்.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் காற்றில் வளராது. சைக்ளோசெரின் சேர்த்த டி.எஸ்.சி. அகாரில், ஆக்சிஜன் இல்லாத கலத்தில் 37 டிகிரியில் ஏறத்தாழ 20 மணி நேரம் வைத்தால் கரிய காலனிகள் தோன்றும். கலத்தைத் திறந்தவுடனே எண்ண வேண்டும். காற்றுப்பட்டால் அந்தக் கருமையைத் தரும் இரும்புச் சல்ஃபைடு வெளுத்துவிடும்.

இ.கோலைக்கு டி.பி.எக்ஸ். அகார், 44 டிகிரி, 18 முதல் 24 மணி நேரம். பீட்டா–குளுக்குரோனிடேஸ் நொதியுள்ள காலனிகள் நீலப்பச்சையாக வரும். ஆனால் மிகவும் ஆபத்தான இ.கோலை ஓ157:எச்7 வகைக்கு இந்த நொதி வேலை செய்வதில்லை, 44 டிகிரியில் அது நன்றாக வளர்வதும் இல்லை. டி.பி.எக்ஸ். தட்டு சுத்தமாக இருக்கிறது என்பதால் ஓ157 இல்லை என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. அதை 41.5 டிகிரியில் தனியாகச் செறிவூட்டி, அதாவது குழம்பில் வளர்த்துப் பெருக்கி, எதிர்ப்புரதம் பூசிய காந்த மணிகளால் பிரித்தெடுத்து, சார்பிட்டால் மெக்கான்கி தட்டில் நிறமற்ற காலனியாகத் தேட வேண்டும்.

தட்டில் எண்ண முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும்போது

ஒரு கிராமுக்குச் சில பத்துகளே இருக்கலாம் என்ற நிலையில் மிகு வாய்ப்பு எண் முறை கைகொடுக்கும். மாதிரியின் 0.1, 0.01, 0.001 கிராமுக்கு இணையான அளவுகளை மும்மூன்று குழம்புக் குழாய்களில் இட்டு, எத்தனை குழாய்களில் வளர்ச்சி தெரிகிறது என்று பார்க்க வேண்டும். முதல் வரிசையில் மூன்றும், இரண்டாவதில் ஒன்றும், மூன்றாவதில் எதுவும் இல்லை என்றும் வந்தால், அட்டவணை ஒரு கிராமுக்கு 43 என்று சொல்லும். அதே அட்டவணையில் அந்த 43-க்கு 95 விழுக்காட்டு நம்பக எல்லை (உண்மையான எண் இருக்கக்கூடிய வீச்சு) 9 முதல் 180 வரை என்றும் எழுதியிருக்கும். அந்த எல்லையை அறிக்கையில் சேர்க்காமல் விடுவது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும்.

சால்மோனெல்லாவைக் கண்டறிதல்

இந்த வேலை பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பதைவிட, அதை மீண்டும் உயிர்ப்பிப்பதில்தான் தொடங்குகிறது. உலர்த்தல், வெப்பம், உறைதல், அமிலம் ஆகியவற்றைக் கடந்து வந்த உயிரணு செத்திருக்காது. ஆனால் அதன் சவ்வு சேதமடைந்திருக்கும். நேரடியாகத் தெரிவு ஊடகத்தில் போட்டால் அங்குள்ள நஞ்சுகளே அதைக் கொன்றுவிடும். அதே உயிரணு மனிதரின் குடலுக்குப் போனால் நோயை உண்டாக்கும்.

எனவே ஐ.எஸ்.ஓ. 6579-1 முறையில் முதல் நாள் 25 கிராம் மாதிரியை 225 மி.லி. தாங்கல் (பி.எச். அளவை மாறாமல் காக்கும்) பெப்டோன் நீரில் கலக்கி, 34 முதல் 38 டிகிரிக்குள் ஏறத்தாழ 18 மணி நேரம் வைக்க வேண்டும். இங்கே எந்தக் கிருமிக்கும் தடையில்லை. நேரத்தை மிச்சப்படுத்த இந்தப் படியைக் குறைக்கும் ஆய்வகம் தன் முடிவின் அடித்தளத்தையே குறைக்கிறது. நீரை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி வைப்பதும் நல்லது, குறிப்பாக 375 கிராம் போன்ற கூட்டு மாதிரிகளுக்கு. மூன்றரை லிட்டரை ஒட்டிய குளிர்ந்த திரவம் இன்குபேட்டரில் சூடேறுவதற்கே பல மணி நேரமாகும்.

இரண்டாம் நாள் தெரிவுச் செறிவூட்டல். 0.1 மி.லி.யை 10 மி.லி. ராப்பபோர்ட்–வசிலியாடிஸ் சோயா குழம்பில் இட்டு 41.5 டிகிரியிலும், 1 மி.லி.யை 10 மி.லி. முல்லர்–காஃப்மன் டெட்ராதயோனேட் நோவோபயோசின் குழம்பில் இட்டு 37 டிகிரியிலும் 24 மணி நேரம் வைக்க வேண்டும். முதலாவதன் மிகுந்த மெக்னீசியம் குளோரைடும், மலக்கைட் பச்சையும், உயர்வெப்பமும் சேர்ந்து மற்ற குடல் பாக்டீரியாக்களைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டு குழம்புகளும் வெவ்வேறு வகைகளைப் பிடிப்பதால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது போதாது.

மூன்றாம் நாள் எக்ஸ்.எல்.டி. அகாரிலும், வேறு அடிப்படையில் இயங்கும் இரண்டாவது அகார் ஒன்றிலும் வளையக்கம்பியால் கோடிழுத்து 37 டிகிரியில் வைக்க வேண்டும். எக்ஸ்.எல்.டி. தட்டில் நடப்பதைப் புரிந்துகொண்டால் படிக்கும் கண்ணே மாறிவிடும். சால்மோனெல்லா முதலில் சைலோஸ் சர்க்கரையை நொதித்து அமிலமாக்குகிறது, அப்போது ஊடகம் மஞ்சளாகிறது. சைலோஸ் தீர்ந்ததும் லைசினைச் சிதைத்துக் காரமாக்குகிறது, அப்போது மீண்டும் சிவக்கிறது. இதற்கிடையே தயோசல்ஃபேட்டிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து காலனியின் நடுவில் கரும்புள்ளியை வைக்கிறது. சிவந்த தரையில் கரிய நடுவுடைய காலனி, ஓரத்தில் சற்றே ஒளிபுகும் விளிம்பு. இ.கோலை லாக்டோசையும் சுக்ரோசையும் நொதித்துக்கொண்டே இருப்பதால் மஞ்சளாகவே நிற்கிறது. சால்மோனெல்லாவின் சில வகைகளில் கரும்புள்ளி வராது. புரோட்டியஸ் சில நேரங்களில் கரும்புள்ளியோடு வந்து ஏமாற்றும். எனவே ஐயமுள்ள காலனியைத் தெரிவற்ற அகாரில் தூய்மையாக்கிய பிறகே உறுதிசெய்ய வேண்டும்.

மூன்று சர்க்கரை–இரும்பு அகாரின் சாய்பரப்பு சிவப்பாகவும், அடிப்பகுதி மஞ்சளாகவும், நடுவே கருமையாகவும் இருப்பது வழக்கமான சால்மோனெல்லா; யூரியேஸ் இல்லை; லைசின் டிகார்பாக்சிலேஸ் உண்டு. புரோட்டியஸை யூரியேஸ் சோதனை உடனே வெளியேற்றிவிடும். இறுதியில், சால்மோனெல்லாவின் ஓ, எச் என்ற மேற்பரப்பு அடையாளங்களைப் பிடிக்கும் எதிர்ப்புரதங்கள் கொண்ட எதிர்ச்சீரங்களோடு கண்ணாடி வில்லையில் திரள்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் உப்புநீரில் தானாகவே திரளும் காலனி அல்ல என்று உறுதிசெய்வது கட்டாயம்.

லிஸ்டீரியாவும் கேம்பைலோபேக்டரும்

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையிலும் மெதுவாகப் பெருகும் என்பதால், சமைக்காமல் அப்படியே உண்ணும் குளிர் உணவுகளில் அதைக் கட்டாயம் தேட வேண்டும். அரைச் செறிவு ஃபிரேசர் குழம்பில் 30 டிகிரியில் ஒரு நாள், அதிலிருந்து 0.1 மி.லி.யை முழுச் செறிவுக் குழம்பில் 37 டிகிரியில் மறுநாள். குழம்பு கறுத்தால் லிஸ்டீரியா இருக்கலாம். கறுக்காவிட்டாலும் தட்டில் கோடிழுக்கத்தான் வேண்டும். லிஸ்டீரியா அகாரில் நீலப்பச்சைக் காலனியைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரிந்தால் உறுதிச் சோதனைக்குப் போக வேண்டும். லிஸ்டீரியா இவனோவிக்கும் அதே வட்டம் வரும். ராம்னோசை நொதித்து சைலோசை நொதிக்காதது மோனோசைட்டோஜீன்ஸ்; இவனோவியில் இது நேர்மாறு.

கேம்பைலோபேக்டருக்கு ஆக்சிஜன் 5 விழுக்காடு, கரியமில வாயு 10 விழுக்காடு, மீதி நைட்ரஜன் என்ற காற்றுச்சூழல் வேண்டும். 41.5 டிகிரியில் ஏறத்தாழ இரண்டு நாள் கழித்து சாம்பல் நிறத்தில் தட்டையாகப் பரவிய காலனிகள் தோன்றும். நுண்ணோக்கியில் திருகாணி போலச் சுழன்றோடும் அசைவைப் பார்த்தால் மறக்க முடியாது. காற்றில் விட்டுவைத்த காலனி அந்த அசைவை விரைவில் இழந்துவிடும்.

விரைவு முறைகள்

பி.சி.ஆர். முறை, கிருமிக்கே உரிய டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் காட்டுகிறது. எதிர்ப்புரத முறைகள் அதன் மேற்பரப்புப் புரதத்தைப் பிடிக்கின்றன. இரண்டுமே நாள்களைச் சேமிக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் பெரும்பாலும் செறிவூட்டல் தேவை, ஏனெனில் 25 கிராமில் இருக்கும் ஓர் உயிரணு சோதனைக் குழாய்க்குள் போகும் சில மைக்ரோலிட்டரில் அகப்படாது. பி.சி.ஆர். செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் பெருக்கும். செறிவூட்டலில் உயிருள்ளவை மட்டுமே பெருகுவதால் இந்தக் குழப்பம் பெரிதும் குறைகிறது. உணவின் கொழுப்பும் பாலிபீனாலும் வினையைத் தடுக்கக்கூடியவை என்பதால், ஒவ்வொரு குழாயிலும் உட்கட்டுப்பாட்டு டி.என்.ஏ. இருக்க வேண்டும். அதுவும் பெருகவில்லையென்றால் அந்தக் குழாயின் ‘இல்லை’ செல்லாது. ‘உண்டு’ என்று வந்தால், காலனியைத் தனியே பிரித்தெடுத்து உறுதிசெய்ய வேண்டும். ஒரு விரைவு முறையைப் பயன்படுத்தும் முன், அது ஐ.எஸ்.ஓ. 16140 வரிசைப்படி, நாம் சோதிக்கும் அதே உணவு வகைக்குச் சரிபார்க்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பாலுக்குச் சரிபார்த்த கருவி கோகோவுக்கும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கட்டுப்பாடுகளும் அறிக்கையும்

ஒவ்வொரு நாள் வேலையோடும் மாதிரி சேர்க்காத வெற்றுக் குப்பி ஒன்றும், குறைந்த எண்ணிக்கையில் அறிந்த கிருமி இட்ட குப்பி ஒன்றும் எல்லாப் படிகளையும் கடந்து வர வேண்டும். வெற்றில் ஏதாவது வளர்ந்தால் அன்றைய ‘உண்டு’களை நம்ப முடியாது, அறிந்ததில் வளராவிட்டால் அன்றைய ‘இல்லை’களை நம்ப முடியாது. கட்டுப்பாட்டுக் கிருமி மாதிரிக்குள் தாவும் ஆபத்தும் உண்டு, அதனால் அதைக் கடைசியாகவே கையாள வேண்டும். உணவில் அரிதாகக் காணப்படும் வகையைத் தேர்ந்தால், தாவியது உடனே தெரிந்துவிடும்.

அறிக்கையில் முறையின் எண், சோதித்த எடை, தொடங்கிய நாள், முடிவு ஆகியவை வேண்டும். ‘சால்மோனெல்லா இல்லை’ என்று எழுதாமல் ‘25 கிராமில் கண்டறியப்படவில்லை’ என்று எழுத வேண்டும். எண்ணிக்கைக்கு அளவீட்டு உறுதியின்மையைச் சேர்ப்பது நல்லது. முடிவு எல்லையை ஒட்டி வரும்போது முடிவெடுப்பவருக்கு அதுவே மிகவும் தேவைப்படும்.

உறுதியான காலனியை எறிந்துவிடக் கூடாது. கிளிசரால் கலந்த குழம்பில் மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். பின்னொரு நாள் நோயாளிகளிடமிருந்து கிடைத்த கிருமியோடு முழு மரபணுத் தொடரை ஒப்பிட்டு, நோய் எந்த உணவிலிருந்து பரவியது என்று தீர்மானிக்க அந்தக் குப்பி ஒன்றே ஆதாரமாகலாம். மற்ற தட்டுகள், செறிவூட்டிய குழம்புகள், பிப்பெட்டுகள் எல்லாவற்றையும் கழுவுதொட்டிக்கு அருகே கொண்டுபோகும் முன் ஆட்டோகிளேவில் வைத்து நுண்ணுயிர் நீக்க வேண்டும். செறிவூட்டிய குழம்பின் ஒரு மி.லி.யில் கோடிக்கணக்கில் இருக்கும் கிருமி, ஆய்வகத்துக்கு வந்த உணவில் இருந்ததைவிடப் பல மடங்கு ஆபத்தானது. நிரம்பி வழியும் பையின் நடுவே நீராவி போய்ச் சேராது என்பதால் பைகளைத் தளர்வாகவே நிரப்பி, ஒவ்வொரு சுற்றிலும் வெப்பநிலைப் பதிவைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.